அம்மா ரொம்ப ஸ்லோ

தை 5, ஞாயிறு

இன்று என் அறையில் இருந்தவர்கள்: மூத்தவன் கதிரேசன், இளையவன் சேகர், மூத்த மருமகள் தெய்வானை, இளைய மருமகள் நாகஜோதி, நாகஜோதியின் அண்ணன் காசிராஜன், நான். சுவரில் அவர். போட்டோவாக இருந்தாலும் அவரையும் சேர்த்துத்தான் எழுதுவேன். அருப்புக்கோட்டையில் பாதிப் பேர் கல்யாணத்தைப் படம் பிடித்த மனுஷன், தன் வீடு பிரிவதைக் கண்ணாடிக்குள் இருந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் நாலாம் வகுப்பு வரை படித்தவள். ஆல்பம் போடும் கம்பெனிக்காரன் எங்கள் போட்டோ ஸ்டுடியோவுக்கு வருஷா வருஷம் டைரி கொடுப்பான், யாரும் தொட மாட்டார்கள். அதை எடுத்து எழுதுகிறேன். எனக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள டைரி வேண்டியதில்லை. எல்லாம் ஞாபகம் இருக்கிறது. மற்றவர்கள்தான் சொன்னதைச் சொல்லவில்லை என்பார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

கார்த்திகையில் சாத்தூர் மண்டபத்தில் ஒரு கல்யாணம். தாலி கட்டும் நேரம் கதிரேசன் எடுத்த வீடியோ மங்கலாகப் போய்விட்டது. பெண்ணைப் பெற்றவர் சத்தம் போட்டபோது சேகர் எல்லார் முன்னாலும் சொன்னானாம்: "எங்கண்ணனுக்கு முன்ன மாதிரி கண்ணு தெரியலங்க." கதிரேசன் கேமராவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டான். அன்றிலிருந்து அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே வீட்டில் மாடியில் ஒருத்தன், கீழே ஒருத்தன். சொல்ல வேண்டியதை என்னைப் பார்த்துச் சொல்வார்கள்.

இன்று பிரித்தாயிற்று. சேகர் குடும்பத்தோடு திருப்பூர் போகிறான். கடை பார்த்துக் கொடுத்தது காசிராஜன். தை முடிவதற்குள் குடி போய்விட வேண்டும் என்றாள் நாகஜோதி. "மாசி, பங்குனி ரெண்டு மாசமும் குடி மாத்தக் கூடாது அத்தை. மாசி பொறந்துட்டா எங்கம்மா பால் காய்ச்ச வரமாட்டாங்க." விட்டால் சித்திரைதான்.

கதிரேசன் ஒரே ஒரு நிபந்தனை போட்டான், சுவரைப் பார்த்து. "அப்பா எடுத்தது, நாங்க எடுத்தது, எல்லாத்துலயும் ஆளுக்கு ஒரு காப்பி. காப்பி முடியாம ஒரு சாமான் வெளிய போகக் கூடாது. அதுவரைக்கும் அந்தப் பெட்டி இந்த ரூம விட்டு நகரக் கூடாது."

அந்தப் பெட்டி என்பது என் அறை மூலையில் மூன்று வருஷமாக உறுமிக்கொண்டிருக்கும் கறுப்புப் பெட்டி. படம் எல்லாம் அதற்குள்தான் இருக்கிறதாம். அதிலிருந்து ஒரு நீல ஒயர் என் கட்டிலடியாகப் போய், சுவர் ஓட்டை வழியாக முன்னால் ஸ்டுடியோவுக்குப் போகிறது.

காசிராஜனுக்கு நாற்காலி போதவில்லை. என் இரும்புக் கட்டிலைக் கேட்காமல் இழுத்துப் போட்டு, அந்த மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தான். கட்டில் முனகியது. நான் வாசற்படியில் நின்றேன். எல்லாம் பேசி முடித்த பிறகு அவன் கேட்டான்:

"சரி, அம்மா யாரு பங்கு?"

ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கதிரேசன் தரையைப் பார்த்தான். சேகர் தன் கை விரலைப் பார்த்தான். இரண்டு பேரையும் பெற்றவள் வாசற்படியில் நிற்கிறேன்.

தை 6

அம்மா யாரு பங்கு. இட்லியைத் தட்டோடு அப்படியே வைத்துவிட்டேன்.

தை 8

உட்கார முடியவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சொல்கிறது, எழுந்தால் அடுப்படிக்கும் வாசலுக்கும் நடக்கச் சொல்கிறது. முருங்கைக் கீரை ஆய்ந்தேன், பாதியில் வைத்துவிட்டுத் துணி மடித்தேன், அதையும் பாதியில் வைத்தேன். தெய்வானை மிச்சக் கீரையை ஆய்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்கமாட்டாள். தலைப்பொங்கலுக்கு என் பானையை எட்டிப் பார்த்து, "எங்க வீட்டுல இவ்வளவு தண்ணி வைக்க மாட்டாங்க" என்றவள். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவளுக்கு மறந்திருக்கும்.

சாயங்காலம் ஸ்டுடியோவில் சேகர் குரல் கேட்டது. "அம்மா ரொம்ப ஸ்லோவா இருக்கு நாகு."

"நேத்து நல்லாத்தான இருந்துச்சு?"

"இல்ல. ஞாயித்துக்கிழமையில இருந்தே இப்படித்தான்."

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கேள்வியைக் கேட்டதிலிருந்து என் நடை தளர்ந்தது உண்மைதான். அதை ஊருக்குச் சொல்ல வேண்டுமா? காலை பத்து மணிக்கு மாடி, கீழ் இரண்டு குடும்பத்துத் துணியும் துவைத்தவள் நான். இவன் அப்போது கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான்.

தை 9

மறுபடியும். இந்த முறை போனில், யாரிடமோ.

"அம்மாவுக்கு வயசாயிருச்சுங்க. அடிக்கடி தொங்கிருது. நீங்க வந்து ஒருதடவ பாருங்க. தேறலன்னா மாத்திர வேண்டியதுதான்."

மாற்றுவதா? எதை வைத்து?

நாகஜோதி சொல்கிறாள்: "பேசாம ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்களேன்." அவள் மாமியாரை.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சேகர் வந்து, "ஏம்மா, உடம்பு சரியில்லையா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறான். முன்னால் ஒரு பேச்சு, பின்னால் ஒரு பேச்சு. அவன் அப்பாவின் அக்கா இப்படித்தான் இருந்தாள். என் கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டாவை 'ரெண்டு நாளைக்கு' என்று வாங்கிப்போனவள். அண்டா இன்னும் அவர்கள் வீட்டு மாடியில்தான் இருக்கிறது, துளசி வைத்திருக்கிறார்கள்.

தை 11

இன்று ஜெரால்டு என்று ஒருத்தன் வந்தான். பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கம்ப்யூட்டர் கடை. தோளில் பை, காதில் ஒரு மாட்டல். கதவைக்கூடத் தட்டவில்லை.

"அம்மா எங்க இருக்கு?"

"நான்தாம்ப்பா. என்ன வேணும்?"

"நீங்க இல்ல பாட்டி. அம்மா. ஸ்லோவா இருக்குன்னாங்களே."

"எவன் சொன்னான் ஸ்லோன்னு? உன் கையப் பிடிச்சு வாசல் வரைக்கும் நடந்து காட்டவா?"

அவன் பின்னாலேயே சேகர் வந்தான். என் முகத்தைப் பார்த்தான், அவன் முகத்தைப் பார்த்தான், அப்புறம் கதவைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கார்த்திகைக்குப் பிறகு அவன் சிரித்து நான் பார்க்கவில்லை.

"அம்மா, பெட்டிக்குப் பேரும்மா. கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரு குடுக்கணும். இது உன் ரூம்ல இருக்குல்ல? நாகு அம்மானு அடிச்சு வச்சுட்டா."

"அப்ப முந்தாநாளு மாத்தணும்னது?"

"பெட்டிய."

"ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுன்னது?"

"பெட்டியத்தாம்மா!"

மாடிப்படியில் ஒரு வேட்டி முனை ஆடியது. கதிரேசன் அங்கே நின்று சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான், சத்தம் வராமல். இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு, ஒரே நேரத்தில்.

நான் விடவில்லை. "ஞாயித்துக்கிழமை காசிராஜன் கேட்டானே, அம்மா யாரு பங்குன்னு?"

"அதும் பெட்டிதாம்மா."

"பெட்டின்னா ஏன் யாரும் வாயத் திறக்கல?"

சேகர் சிரிப்பு நின்றுவிட்டது. "அப்பா எடுத்ததெல்லாம் அதுலதான் இருக்கு. எனக்கும் வேணும், அவருக்கும் வேணும். எனக்குன்னு கேக்க வாய் வரல. அவருக்கும் வரலபோல."

படியில் வேட்டி முனை இல்லை.

ஒரு வாரமாகச் சேர்த்து வைத்த கோபத்தை இப்போது என்ன செய்வது? கோபத்தை நான் வீணாக்குகிறவள் இல்லை. என்னைப் பாட்டி என்று கூப்பிட்ட ஜெரால்டு மேல் வைத்திருக்கிறேன்.

அவன் வைரஸ் என்று சொல்லி மத்தியானம் வரை எதையோ ஓட்டினான். போகும்போது, "இனி பறக்கும்" என்றான்.

தை 13

பறக்கவில்லை.

ஸ்டுடியோவிலிருந்து, "காப்பி ஆகிக்கிட்டு இருக்கு" என்று நாகஜோதி சொன்னது கேட்டது. தலைவலி, ஒரு வாய் குடிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. எழுந்துபோய், "எங்கடி காப்பி?" என்றேன்.

"பதினாறு நாளாகும்னு காட்டுது அத்தை."

பதினாறு நாளாகும் காப்பியை யார் குடிப்பது? அப்புறம்தான் விளங்கியது. படங்களை அந்தப் பெட்டியிலிருந்து சேகர் கம்ப்யூட்டருக்கு இறக்குகிறார்கள். அந்தக் காப்பி. முன்னெல்லாம் ஒரு நாளில் முடிகிற வேலையாம்.

நாகஜோதி காலண்டரைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். இன்று பதிமூன்று. பதினாறைக் கூட்டினால் தை கடைசி. நடுவில் ஒரு நாள் கரண்டு போனால் மாசி பிறந்துவிடும்.

"ஏதாவது பண்ணுங்க" என்று அவள் சேகரிடம் கத்தினாள். எனக்கு ஒரு சுற்று நடக்க வேண்டும்போல் இருந்தது. கொல்லைக்குப் போய் மல்லிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். காலையில் ஊற்றியிருக்கிறேன் என்பது ஊற்றின பிறகுதான் ஞாபகம் வந்தது. எனக்கு இப்படி ஆவதில்லை.

தை 14

மூக்குக் கண்ணாடி கட்டிலுக்கு அடியில் விழுந்துவிட்டது. குனிந்து எடுத்தேன். அன்றைக்குக் காசிராஜன் இழுத்துப் போட்ட கட்டில் அப்படியே கிடக்கிறது. ஒரு கால் அந்த நீல ஒயர் மேல் நிற்கிறது. இரும்புக் கால், அடியில் ரப்பர் கிடையாது, அது எப்போதோ கழன்று போயிற்று. ஒயர் நசுங்கிப் பாய் ஓலைபோல் இருந்தது.

கண்ணாடி கிடைத்தது. துடைத்துப் போட்டுக்கொண்டேன்.

கட்டில் எங்கே கிடந்தால் என்ன? இந்தப் பக்கம் கிடந்தால்தான் காற்று வருகிறது.

தை 16

சேகர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காண்பித்தான். திரையில் சின்னதாக ஒரு சதுரம், அதற்குள் பச்சைக் கோடு. "இந்தக் கோடு இந்தக் கடைசி வரைக்கும் வரணும்மா. வந்துருச்சுன்னா சதுரம் தானா மறஞ்சுரும். அவ்வளவுதான்."

கோடு எறும்பைவிட மெதுவாகப் போகிறது. பார்த்துக்கொண்டே இருந்தால் நிற்கிறமாதிரி இருக்கிறது.

"திருப்பூர்ல உனக்கு ஆள் தெரியுமாடா?" என்றேன்.

"மச்சான் இருக்காரு."

"அது இல்ல. கல்யாணத்துல மாப்பிள்ளைய எடுக்கும்போது, பொண்ண எடுக்க ஒரு ஆள் வேணும்ல? அங்க யாரு எடுப்பா?"

அவன் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். முப்பது வருஷம் அவரும் அவர் தம்பியும் எடுத்தார்கள். அப்புறம் இவனும் இவன் அண்ணனும்.

தை 17

இன்று பகலெல்லாம் கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால் பக்கமாக உட்கார்ந்தால் முதுகுக்கு நல்லது.

தை 19

மத்தியானம் கரண்டு போய் வந்தது. பெட்டி உறுமவில்லை. சேகர் முன்வாசல் வழியாக ஓடிவந்தான், கதிரேசன் மாடிப்படி வழியாக ஓடிவந்தான், இரண்டு பேரும் என் கதவில் முட்டிக்கொண்டார்கள். சேகர் ஒதுங்கி அண்ணனுக்கு வழி விட்டான். கதிரேசன் ஒதுங்கித் தம்பிக்கு வழி விட்டான். கடைசியில் தெய்வானை இருவரையும் தாண்டி உள்ளே வந்து பொத்தானை அமுக்கினாள்.

பெட்டி கண் திறக்க நேரம் ஆகுமாம். இரண்டு பேரும் என் கட்டிலில் உட்கார்ந்தார்கள், நடுவில் என்னை வைத்து.

"அம்மா, எதுல நின்னுச்சுன்னு கேளு" என்றான் கதிரேசன்.

"அப்பாவோட பழைய நெகட்டிவ ஏத்தி வச்சோம்ல, அதுல நின்னுச்சுன்னு சொல்லும்மா" என்றான் சேகர்.

"எந்த வருஷம்னு கேளு."

"எண்பத்தாறுன்னு சொல்லு."

"டேய், நான் என்ன உங்களுக்கு ஒயரா? இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடறதுக்கு?" என்றேன்.

தெய்வானை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பெட்டியில் ஒரு விளக்கு வந்தது. கதிரேசன் அந்த விளக்கைப் பார்த்துச் சொன்னான்: "எண்பத்தாறுலதான் ஒருத்தன் டவுசர் இல்லாம ஆட்டுக்குட்டியத் தூக்கிட்டு நிக்கிற போட்டோ இருக்கும்."

சேகர் அதே விளக்கைப் பார்த்துச் சொன்னான்: "அந்த ஆட்டுக்குட்டிய ஒருத்தர் என்னதுன்னு சொல்லிப் பிடுங்கிட்டுப் போனதும் இருக்கும்."

இரண்டாவது விளக்கு வந்தது. எழுந்து போய்விட்டார்கள். கட்டில் அவர்கள் பாரத்தில் நன்றாக அழுந்திக் கிடந்தது.

கரண்டு போனதால் காப்பி பாதியில் கெட்டு, அந்தப் பகுதியை மறுபடி முதலில் இருந்து இறக்க வேண்டுமாம். நாகஜோதி அழுகிற மாதிரி இருந்தாள். அவளையும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். புருஷன் கார்த்திகையிலிருந்து சரியாகச் சாப்பிடாத வீட்டில் எவள்தான் இருப்பாள்?

தை 21

ஜெரால்டு இரண்டாவது தடவை வந்தான். ஸ்டுடியோவில் எல்லா ஒயரும் வந்து சேருகிற சின்னப் பெட்டியைக் கழற்றிவிட்டுப் புதுசு போட்டான். "இதுதான் குத்தம். இனி பறக்கும்."

நான் பக்கத்தில் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால்தானே.

தை 22

எறும்புதான்.

தை 23, வியாழன்

இன்று கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. எழுதினால் அடங்குமா என்று பார்க்கிறேன்.

ஜெரால்டு மூன்றாவது தடவையாக வந்து, தன் மடிக் கம்ப்யூட்டரை என் அறைக்கே கொண்டுவந்து, சின்ன ஒயர் ஒன்றைப் பெட்டியில் நேராகச் சொருகினான். பச்சைக் கோடு ஓடியது. கண் முன்னால் ஓடியது.

"பாத்தீங்களா! அம்மா நல்லாத்தான் இருக்கு. அம்மா மேல ஒரு குத்தமும் இல்ல" என்றான் சேகரிடம். "நடுவுல இருக்குற கேபிள்தான்."

நான், "கேபிள் அறுந்தா நின்னுல்லப்பா போகணும்?" என்றேன்.

"அங்கதான் பாட்டி இருக்கு. உள்ள எட்டுக் கம்பி. எட்டும் பேசுனா வேகம். அதுல ஒண்ணு பேசலன்னாலும் போதும், மிச்சத்துல நாலே நாலு கம்பிய வச்சுச் சமாளிச்சு ஓடும். நின்னுராது. ஓடிக்கிட்டே இருக்கும். அதான் வீட்டுல உள்ளவங்களுக்குத் தெரியறதில்ல."

சேகர் சட்டென்று மாடிப்படிப் பக்கம் பார்த்தான். எதற்கென்று அவனுக்கே தெரியாது.

"எங்க நசுங்கியிருக்குன்னு பாத்துருவோம்" என்று ஜெரால்டு முட்டி போட்டான். நான் கட்டிலில் அந்தப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கக் கால் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

தெய்வானை துடைப்பத்தோடு உள்ளே வந்தாள். "தம்பி, சட்டையெல்லாம் தூசியாயிரும், இருங்க" என்று அவனுக்கு முன்னால் குனிந்தாள். குனிந்தவள் அப்படியே இருந்தாள். கட்டில் காலைப் பார்த்தாள். ஒயரைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருக்கிறவரைப் பார்த்தேன்.

"அத்தை, கொஞ்சம் எந்திரிங்க" என்றாள். எழுந்தேன். கட்டிலை ஒரே தள்ளாகப் பழைய இடத்துக்குத் தள்ளினாள். அப்புறம் துடைப்பக்கட்டையால் ஒயரை வெளியே இழுத்துப் போட்டாள்.

"எலி கடிச்சிருக்கு தம்பி."

"ஆமாக்கா, எலிதான்" என்றான் ஜெரால்டு, பல் தடத்தையே பார்த்தவன் மாதிரி.

என் அறையில் எலி கிடையாது. இருந்ததும் கிடையாது. இருபத்திரண்டு வருஷத்தில் தெய்வானை சொன்ன பொய்யையெல்லாம் அந்த இடத்திலேயே திருத்தியிருக்கிறேன். இதைத் திருத்தவில்லை.

"நாளைக்கே வந்து சுவர்ல துளை போட்டுப் புது லைன் இழுத்துர்றேன்" என்றான் அவன்.

"நாளைக்கு வெள்ளிக்கிழமைல்ல. இந்த வீட்டுல வெள்ளிக்கிழமை சுவர் துளைக்க மாட்டோம். இல்லையா அத்தை?" என்றாள்.

அப்படி ஒரு வழக்கம் இந்த வீட்டில் இருப்பது எனக்கு இன்றுதான் தெரியும். "ஆமா" என்றேன். "அவங்க தாத்தா காலத்துல இருந்து."

தலைப்பொங்கலில் என் பானையில் கொஞ்சம் தண்ணீர் கூடத்தான் இருந்தது.

தை 24, வெள்ளி

துளைக்கவில்லை.

தை 26

துளைத்தான். புது ஒயர் வெள்ளை நிறம், சுவர் உச்சியில் போகிறது. கட்டிலுக்கு எட்டாது. ஸ்டூல் போட்டாலும் எட்டாது.

சேகர் முதலில் இருந்து போட்டான். கோடு ஓடுகிறது. இரண்டு நாளில் முடிந்துவிடும் என்கிறது. நாகஜோதி பாத்திரங்களைக் காகிதத்தில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள். புதன்கிழமை லாரி. தையில் அதுதான் கடைசி நாள்.

பகலில் நாலு தடவை அடுப்படிக்குப் போய் எதற்கு வந்தேன் என்று நின்றேன்.

தை 27

சேகர் மகள் தன் பள்ளிக்கூடப் பையை என்னிடம் கொண்டுவந்து, "அப்பத்தா, இத லாரியில ஏத்திறாதீங்க, ஒளிச்சு வைங்க" என்றாள். வைத்திருக்கிறேன். கேட்டால் தெரியாது என்பேன்.

தை 28

எவரும் என் அறைக்கு வரவில்லை. வேலை எல்லாம் ஒழுங்காக நடக்கிறது. ஒயர் சரியாகிவிட்டால் ஆள் ஏன் வர வேண்டும்?

தை 29, புதன்

காலையிலேயே லாரி வந்து வாசலை அடைத்து நின்றது. காசிராஜனும் அதிலேயே வந்திறங்கினான். வெள்ளைச் சட்டை, கையில் மஞ்சள் பை.

"மாப்ள, காப்பி முடிஞ்சிருச்சா? பன்னண்டு மணிக்கு ராகு காலம் வந்துரும். அதுக்குள்ள கிளம்பணும்."

"இன்னும் ஓடுது மச்சான்" என்றான் சேகர் உள்ளே இருந்து.

சேகருக்குத் தண்ணீர் கொண்டுபோனேன். திரைக்கு நேராக உட்கார்ந்திருந்தான். நான் திரையைப் பார்த்தேன். சதுரம் இல்லை. பச்சைக் கோடு இல்லை. வெறும் நீலம், நடுவில் அவன் மகள் சிரிக்கிற படம். வந்துருச்சுன்னா தானா மறஞ்சுரும்மா என்று தை பதினாறாம் தேதி இவனேதான் சொன்னான். நான் மறக்கிறவளா?

சொம்பை நீட்டினேன். அவன் வாங்கினான். நான் பார்த்ததை அவன் பார்த்தான். தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தான், சொம்பு காலியான பிறகும்.

வாசலில் டிரைவர் ஆரன் அடித்தான். நாகஜோதி நிலைப்படியில் வந்து நின்றாள். "என்னங்க?"

"ஓடுதும்மா. ஓடுது."

"மாப்ள, நேத்தே முடிஞ்சிரும்னீங்களே?" காசிராஜன் செருப்போடு உள்ளே கால் வைத்தான்.

அப்போது மாடிப்படியில் சத்தம் கேட்டது. கதிரேசன் இறங்கி வந்தான். கார்த்திகையில் சாத்தூரில் இருந்து வந்த பிறகு அவன் ஸ்டுடியோவுக்குள் கால் வைக்கவில்லை. வந்தான், சேகர் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்க்கவில்லை. தம்பி தலையைப் பார்த்துக் கேட்டான்:

"காப்பி ஆச்சாடா?"

சேகர் கழுத்து அசையவில்லை. குரல் மட்டும் வந்தது. "இல்லண்ணே. அம்மா ரொம்ப ஸ்லோ."

கதிரேசன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்தான். மாட்டிக்கொண்டான். குனிந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனான். அந்த வெறும் நீலத்தை, அந்தப் பிள்ளை சிரிப்பை, ரொம்ப நேரம் பார்த்தான். நிபந்தனை போட்டவன் அவன். ஆச்சு என்று ஒரு வார்த்தை சொன்னால் லாரி கிளம்பிவிடும்.

நிமிர்ந்தான். காசிராஜனிடம் சொன்னான்: "எனக்கு முன்ன மாதிரி கண்ணு தெரியாது. ஆனா, இன்னும் ஓடுற மாதிரிதான் தெரியுது."

சேகர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அண்ணன் கை அந்தத் தோளில் விழுந்தது, அடிக்கிறமாதிரி, அப்புறம் எடுக்கவில்லை.

"முடியலன்னா விட்றா. சித்திரையில பாத்துக்கலாம்" என்றான் கதிரேசன்.

நாகஜோதி திரையைப் பார்த்தாள். அவளுக்குச் சதுரம் தெரியாதா, கோடு தெரியாதா? பெட்டிக்குப் பேர் வைத்தவளே அவள்தான். புருஷன் தோளில் இருந்த கையைப் பார்த்தாள். அப்புறம் வாசலைப் பார்த்து, "அண்ணே, லாரியத் திருப்பச் சொல்லிருங்க. மாசியில நான் குடி வரமாட்டேன்" என்றாள்.

தெய்வானை ஒரு தட்டில் ஆறு டம்ளரோடு வந்தாள். "காப்பி ஆச்சு" என்றாள்.

மாசி 1

பேத்தியின் பள்ளிக்கூடப் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். சேகரும் கதிரேசனும் ஒரே வண்டியில் பந்தல்குடிக்கு ஒரு நிச்சயதார்த்தம் எடுக்கப் போயிருக்கிறார்கள். பெண்ணை யார், மாப்பிள்ளையை யார் என்று வாசலில் சண்டை. சித்திரையில் என்ன ஆகும் என்று தெரியாது. சித்திரை வரட்டும். ராத்திரி தூங்கினேன். காலையில் கொல்லைக்கு ஒரே தடவைதான் தண்ணீர் ஊற்றினேன்.

உட்கார்ந்து ஒவ்வொருத்தராகப் பார்த்தேன். அம்மா ஸ்லோ என்று சொன்ன சேகரை விட்டுவிட்டேன். பேசாமல் இருந்த கதிரேசனையும். தெய்வானையைத் தை 23 அன்றே விட்டாயிற்று. பெட்டிக்கு என் பேரை வைத்த நாகஜோதியை நேற்று விட்டேன். ஜெரால்டையும் விட்டேன், பாட்டியைப் பாட்டி என்றுதானே கூப்பிட்டான்?

ஆனால் ஒன்று. அந்த ஞாயிற்றுக்கிழமை "அம்மா யாரு பங்கு" என்று கேட்டது பெட்டியைத்தான் என்கிறார்கள். இருக்கட்டும். பெட்டி அவன் முதுகுக்குப் பின்னால் மூலையில் இருந்தது. பெட்டியைக் கேட்கிறவன் திரும்பிப் பெட்டியைப் பார்ப்பான், இல்லை கையையாவது பின்னால் காட்டுவான். அவன் திரும்பவில்லை. வாசற்படியில் நின்ற என்னை, தலையிலிருந்து கால் வரைக்கும், எடை போடுகிறமாதிரி பார்த்துக்கொண்டு கேட்டான். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள், அதனால் அவர்களுக்குத் தெரியாது. நான் பார்த்தேன். எனக்குக் கண் நன்றாகத் தெரியும்.

அவன் ஒருத்தனை மட்டும் மன்னிக்க மாட்டேன். காசிராஜன்.